ஒரே கிராமத்து வயல்கள்: ஜமோவியில் மிக்ஸ்டு மாடல் போடும் வழி

ஒரு கிராமத்தில் 20 வயல்களின் மகசூலை அளந்தால் அந்த 20 எண்களும் பங்காளிகள். ஒரே கால்வாய்த் தண்ணீர், ஒரே மண், ஒரே வாரத்தில் அடித்த மழை. அவற்றை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத 20 எண்களாக நினைத்து குழுச் சராசரிகளை ஒப்பிடும் சாதாரண அனோவாவில் போட்டால் கணக்கு ஓடத்தான் செய்யும். விடைதான் தவறாக வரும். இப்படி அடுக்கடுக்காக உட்கார்ந்திருக்கும் தரவுக்குத்தான் மிக்ஸ்டு மாடல்: நம் கேள்விக்குரிய விளைவுகளையும் (ஃபிக்ஸட்), ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் வரும் ஏற்றத்தாழ்வையும் (ரேண்டம்) சேர்த்தே கணக்கிடும் முறை. கிள்ளிகுளத்தில் வேளாண்மை படிப்பவர்களும், அபிஷேகப்பட்டியிலோ பாளையங்கோட்டைக் கல்லூரிகளிலோ ஆய்வேடு எழுதுபவர்களும் இதற்காக ஆர் என்ற புள்ளியியல் மொழியில் நிரல் எழுதக் கற்றே ஆகவேண்டும் என்றில்லை. சொடுக்கியே செய்யலாம்.

மென்பொருள் ஜமோவி. இலவசம், திறமூலம். உள்ளே ஓடுவது ஆர் மொழிதான், வெளியே தெரிவது எக்செல் மாதிரி ஒரு தாளும் பக்கத்தில் விடைப் பலகையும். மிக்ஸ்டு மாடல் அதோடு கூடவே வராது. மார்செல்லோ கலூச்சி எழுதிய கேம்எல்ஜே என்ற துணைத்தொகுதியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆர் பயன்படுத்துபவர்கள் நம்பும் எல்எம்இ4 தொகுப்பைத்தான் அதுவும் அழைக்கிறது. ஆகவே "சொடுக்கிச் செய்தது தரம் குறைந்தது" என்று யாராவது சொன்னால் கவலைப்பட வேண்டியதில்லை. சொடுக்குவது எளிது என்பதால் எதை எந்தப் பெட்டியில் போடுகிறோம் என்று யோசிக்காமல் போய்விடுவதுதான் ஆபத்து.

எடுத்துக்காட்டுத் தரவு

விளக்குவதற்காக ஒரு கற்பனை ஆய்வை வைத்துக்கொள்வோம். தாமிரபரணிப் பாசனத்தில் 12 கிராமங்கள். கிராமத்துக்கு 5 விவசாயிகள். ஒவ்வொருவரும் இரண்டு வயலில் நடுகிறார்கள்: ஒன்றில் வழக்கமான நடவு, இன்னொன்றில் திருந்திய நெல் சாகுபடி. கார், பிசானம் என இரண்டு பருவம். 12 × 5 × 2 × 2 = 240 அளவுகள். 12 கிராமங்களில் 6 தலைமடை, 6 கடைமடை. கீழே வரும் மகசூல் எண்கள் எல்லாம் கணக்கு புரிவதற்காக வைத்தவை. எந்த ஆய்வின் முடிவும் அல்ல.

ஜமோவியைத் திறக்குமுன் ஒரு காகிதத்தில் இதை எழுதிவிடுங்கள்: எந்த அளவு எதற்குள் இருக்கிறது, எந்த மாறி எந்த அடுக்கில் மாறுகிறது. முறையும் பருவமும் ஒரே விவசாயியிடமே மாறுகின்றன. மடை கிராமத்துக்குக் கிராமம்தான் மாறும். ஒரே கிராமம் தலைமடையாகவும் கடைமடையாகவும் இருக்காது. இந்த இரண்டு வரி தெரிந்தால் பிறகு வரும் முக்கால்வாசிக் கேள்விகளுக்கு விடை தெரிந்த மாதிரி.

தாளை ஒழுங்கு செய்தல்

ஓர் அளவுக்கு ஒரு வரிசை. இதுதான் சட்டம். விவசாயிக்கு ஒரு வரிசை வைத்து, 'கார் பழைய முறை', 'கார் புதிய முறை', 'பிசானம் பழைய முறை', 'பிசானம் புதிய முறை' என்று நான்கு நெடுவரிசையில் மகசூலைப் பரப்பியிருந்தால் அந்தத் தாள் இங்கே உதவாது. எக்செலிலேயே வெட்டி ஒட்டி நீளவாக்கில் மாற்றலாம்; ஜமோவிக்குள்ளேயே மாற்ற ஜேடிரான்ஸ்ஃபார்ம் என்ற இன்னொரு துணைத்தொகுதியும் உண்டு. முடிவில் 240 வரிசை இருக்கவேண்டும். நெடுவரிசைகள்: கிராமம், விவசாயி, மடை, பருவம், முறை, நடவுநாள் (தேதி அல்ல, நாள் எண்ணிக்கை), மகசூல்.

விவசாயியின் குறியீட்டில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். ஒவ்வொரு கிராமத்திலும் 1, 2, 3, 4, 5 என்று எண் கொடுத்தால், வீரவநல்லூர் 1ஆம் விவசாயியும் பத்தமடை 1ஆம் விவசாயியும் ஒரே ஆள் என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். 60 பேர் 5 பேராகச் சுருங்கிவிடுவார்கள், எந்த எச்சரிக்கையும் வராது. கிராமத்தின் சுருக்கத்தையும் சேர்த்து வீர01, பத்த01 என்று எழுதிவிட்டால் தீர்ந்தது.

மகசூலின் அலகை முதலிலேயே ஒன்றாக்கிவிடுங்கள். கேட்ட இடத்தில் ஒருவர் மூட்டையில் சொல்வார், இன்னொருவர் கோட்டையில் சொல்வார். மூட்டைக்கு எத்தனை கிலோ என்பதும் ஊருக்கு ஊர் வேறுபடும். வயலின் பரப்பை சென்டில் எழுதி, எடையைக் கிலோவில் எழுதி, ஏக்கருக்கு எத்தனை கிலோ என்று மாற்றிய பிறகே தாளில் ஏற்றுங்கள். 100 சென்ட் ஒரு ஏக்கர். 40 சென்டில் 980 கிலோ என்றால் ஏக்கருக்கு 2450.

விடுபட்ட அளவுக்குச் சுழியமோ 999ஓ போடாதீர்கள், காலியாக விடுங்கள். தண்ணீர் வராமல் பயிர் கருகி ஒன்றுமே கிடைக்கவில்லை என்றால் மட்டும் சுழியம். இரண்டும் வேறு. ஒரு விவசாயியின் நான்கு அளவில் ஒன்று விடுபட்டாலும் மற்ற மூன்றை மிக்ஸ்டு மாடல் வைத்துக்கொள்ளும். ஒரே ஆளைப் பலமுறை அளந்த தரவுக்கான பழைய ரிப்பீட்டட் மெஷர்ஸ் அனோவா அந்த ஆளையே தூக்கிவிடும். களஆய்வு செய்பவர்களுக்கு இந்த ஒன்றுக்காகவே மிக்ஸ்டு மாடல் பிடித்துப்போகும்.

மாறிப் பெயர்களையும் குறியீடுகளையும் ரோமன் எழுத்தில் சுருக்கமாக வைப்பது வசதி. தமிழில் எழுதினால் அட்டவணையில் சரியாக வந்தாலும் வரைபடத்தில் எழுத்து உடைந்து கட்டம் கட்டமாக வரலாம். தமிழ்தான் வேண்டும் என்றால் எக்செலில் சேமிக்கும்போது சிஎஸ்வி யுடிஎஃப்-8 வகையைத் தேர்ந்தெடுங்கள்.

நிறுவுதல்

ஜமோவியின் தளத்தில் 'சாலிட்', 'கரன்ட்' என்று இரண்டு பதிப்பு கிடைக்கும். ஆய்வேட்டுக்கு 'சாலிட்' போதும். நிறுவியபின் வலது மேல்மூலையில் கூட்டல் குறியோடு இருக்கும் 'மாட்யூல்ஸ்' → 'ஜமோவி லைப்ரரி'. தேடல் பெட்டியில் ஜி, ஏ, எம், எல், ஜே என்ற ஐந்து ஆங்கில எழுத்தைத் தட்டுங்கள். வருவதில் 'இன்ஸ்டால்' சொடுக்குங்கள். மேலே கருவிப்பட்டையில் 'லீனியர் மாடல்ஸ்' என்ற புதுப் படக்குறி வந்துவிடும். இணையம் இல்லாத கல்லூரி ஆய்வகம் என்றால், வேறு கணினியில் அந்தத் தொகுதியின் ஜேஎம்ஓ கோப்பை இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவந்து, அதே சாளரத்தின் 'சைட்லோட்' வழியாக ஏற்றலாம். ஜமோவியின் பதிப்புக்குப் பொருந்தும் கோப்பாக இருக்கவேண்டும், பொருந்தாவிட்டால் ஏறாது.

மாறிகளின் வகை

தரவுத் தாளில் நெடுவரிசைத் தலைப்பை இருமுறை சொடுக்கினால் வகை மாற்றும் பலகை திறக்கும். மகசூல், நடவுநாள் இரண்டும் 'கன்டினியுவஸ்' (அளந்த எண்). மற்ற ஐந்தும் 'நாமினல்' (வெறும் பெயர் வகை). கிராமங்களுக்கு 1 முதல் 12 வரை எண் கொடுத்திருந்தால் இங்கே கவனம்: வகை 'கன்டினியுவஸ்' என்று நின்றுவிட்டால் 12ஆம் கிராமம் 6ஆம் கிராமத்தைப்போல இரண்டு மடங்கு என்றுதான் மென்பொருளுக்குத் தோன்றும். எழுத்தில் தொடங்கும் குறியீடு வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

பெட்டிகளை நிரப்புதல்

'லீனியர் மாடல்ஸ்' → 'லீனியர் மிக்ஸ்டு மாடல்'. சில பதிப்புகளில் வெறும் 'மிக்ஸ்டு மாடல்' என்றிருக்கும். இடப்பக்கம் நான்கு பெட்டி.

'டிபென்டன்ட் வேரியபிள்' (விளக்கவேண்டிய அளவு): மகசூல்.
'ஃபேக்டர்ஸ்' (ஒப்பிடும் வகைகள்): முறை, பருவம், மடை.
'கோவேரியட்ஸ்' (எண்ணாக வரும் விளக்க மாறி): நடவுநாள்.
'கிளஸ்டர் வேரியபிள்ஸ்' (அளவுகள் கொத்தாக இருக்கும் அடுக்கு): கிராமம், விவசாயி.

கிளஸ்டர் பெட்டியில் போட்டதோடு வேலை முடியவில்லை. கீழே 'ரேண்டம் எஃபெக்ட்ஸ்' பலகையில் எதையாவது வலப்பக்கம் நகர்த்தும்வரை மாடல் ஓடாது. புதியவர்கள் விடைப்பலகை வெறுமையாக இருப்பதைப் பார்த்து மென்பொருள் கெட்டுவிட்டது என்று மறுபடி நிறுவுவதும் நடக்கிறது.

எது கிளஸ்டர், எது ஃபேக்டர் என்ற சந்தேகம் இங்கே வரும். 12 கிராமங்களின் பெயர்ப்பட்டியல் நம் கேள்வி அல்ல. வேறு 12 கிராமத்தை எடுத்திருந்தாலும் ஆய்வு அதேதான். ஆகவே கிராமம் கிளஸ்டர். பழைய முறையா புதிய முறையா என்பதே கேள்வி. ஆகவே முறை ஃபேக்டர். கால்வாயையும் பதிந்திருந்தால்? கன்னடியன், கோடகன், பாளையங்கால்வாய் என்று மூன்றே மூன்று இருந்தால் அதை ரேண்டமாகப் போடாதீர்கள். மூன்று எண்ணை வைத்துக்கொண்டு கால்வாய்க்குக் கால்வாய் எவ்வளவு மாறுகிறது என்று மதிப்பிட முடியாது; சுழியம் என்றோ நம்ப முடியாத பெரிய எண் என்றோ வரும். ஐந்தாறுக்குக் குறைவான வகைகள் இருந்தால் ஃபேக்டர் பெட்டியே சரி.

நடவுநாள்: கொஞ்சம் நின்று பார்க்கவேண்டிய இடம்

நடவுநாள் என்று நாம் வைத்திருப்பது, பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்த நாளிலிருந்து நடவு வரை எத்தனை நாள் என்பது. கேம்எல்ஜே இதை வழக்கமாகச் சராசரியைக் கழித்துத்தான் எடுத்துக்கொள்ளும். 'கோவேரியட்ஸ் ஸ்கேலிங்' பலகையில் 'சென்டர்ட்' என்று நிற்கும். அது நல்லது. கழிக்காவிட்டால் இன்டர்செப்ட் (கோவேரியட் சுழியமாக இருக்கும்போது மாடல் சொல்லும் மகசூல்) என்பது தண்ணீர் திறந்த அன்றே நட்ட வயலின் மகசூலாகிவிடும். அப்படி ஒரு வயல் எங்கும் இல்லை.

ஆனால் அது போதாது. கடைமடைக் கிராமத்துக்குத் தண்ணீர் பிந்தித்தான் வரும், ஊரே பிந்தித்தான் நடும். அதே ஊருக்குள் ஆள் கிடைக்காமல் ஒருவர் பக்கத்து வயலைவிட ஒரு வாரம் பிந்தி நடுவது வேறு சங்கதி. முதலாவது கிராமங்களுக்கு இடையிலான வேறுபாடு, இரண்டாவது கிராமத்துக்குள் உள்ள வேறுபாடு. நடவுநாளை ஒரே மாறியாகப் போட்டால் இரண்டும் கலந்து ஒரே எண்ணாக வரும். அதற்கு இரண்டு பொருளும் இருக்காது.

பிரிப்பது எப்படி? தரவுப் பகுதியில் 'கம்ப்யூட்' சொடுக்கி, 'வி மீன்' சார்பில் நடவுநாளையும், அதன் 'குரூப் பை' இடத்தில் கிராமத்தையும் கொடுத்தால் ஒவ்வொரு கிராமத்தின் சராசரி நடவுநாளும் புது நெடுவரிசையாக வரும். இன்னொரு 'கம்ப்யூட்'டில் நடவுநாளிலிருந்து அந்தச் சராசரியைக் கழியுங்கள். இரண்டு புது மாறிகளையும் கோவேரியட் பெட்டியில் போட்டு, பழைய நடவுநாளை வெளியே எடுத்துவிடுங்கள். இரண்டாவதன் கெழு −12 என்றால், அதே ஊருக்குள் ஒரு நாள் பிந்தினால் ஏக்கருக்கு 12 கிலோ குறைகிறது என்று துணிந்து எழுதலாம்.

கோவேரியட்டில் போடக்கூடாத ஒன்றும் உண்டு: நாற்றின் வயது. திருந்திய சாகுபடி என்றாலே இளநாற்று, 14 நாள் பக்கம். வழக்கமான நடவில் அதைவிட முற்றிய நாற்று. முறையையும் நாற்று வயதையும் சேர்த்துப் போட்டால் ஒன்றின் பலனை மற்றது பிடுங்கிக்கொள்ளும், இரண்டின் திட்டப்பிழையும் (மதிப்பீடு எவ்வளவு தள்ளாடும் என்ற அளவு) ஊதிப்போகும். முறையின் உள்ளேயே அடங்கியதை வெளியே தனியாக வைக்கக்கூடாது.

ஃபிக்ஸட் பலகை

ஃபேக்டர்களுக்கு இடையிலான ஊடாட்டங்களை (ஒன்றின் பலன் மற்றதைப் பொறுத்து மாறுவது) கேம்எல்ஜே தானாகவே சேர்த்துவிடும். மூன்று ஃபேக்டர் என்றால் முறை × பருவம் × மடை என்ற மும்முனை ஊடாட்டமும் உள்ளே வந்திருக்கும். அதைப் பற்றி உங்கள் ஆய்வேட்டில் கேள்வியே இல்லை என்றால் எடுத்துவிடுங்கள். முறை × மடை இருக்கட்டும். கடைமடையில் புதிய முறை வேலை செய்கிறதா என்பதுதானே விஷயம். கோவேரியட்டுடனான ஊடாட்டம் தானாக வராது, வேண்டுமென்றால் நாமே சேர்க்கவேண்டும்.

ரேண்டம் பலகை

முதலில் இரண்டே இரண்டை மட்டும் நகர்த்துங்கள்: 'இன்டர்செப்ட் | கிராமம்', 'இன்டர்செப்ட் | விவசாயி'. குத்துக்கோட்டுக்கு இடப்பக்கம் எது மாறுகிறது என்றும் வலப்பக்கம் யாரிடத்தில் மாறுகிறது என்றும் படிக்கவேண்டும். முதலாவது, கிராமத்துக்குக் கிராமம் சராசரி மகசூல் ஏறியிறங்கும் என்கிறது. இது ஓடி, எண்கள் நியாயமாக இருந்தால், அடுத்து 'முறை | கிராமம்' (இந்த வகைக்கு ஸ்லோப் என்று பெயர்). புதிய முறையின் ஆதாயம் எல்லா ஊரிலும் ஒரே அளவில் இராது என்பதை இது மாடலுக்குள் கொண்டுவருகிறது. நம் முக்கியக் கேள்வியே முறை என்பதால் இதை விடக்கூடாது. பிறகு 'பருவம் | கிராமம்', 'பருவம் | விவசாயி'.

'மடை | கிராமம்' என்று போடமுடியுமா? முடியாது. மடை கிராமத்துக்குள் மாறுவதே இல்லை. காகிதத்தில் எழுதச் சொன்னது இதற்காகத்தான்: கிளஸ்டருக்குள் மாறும் மாறிக்கு மட்டுமே அந்தக் கிளஸ்டரில் ஸ்லோப் உண்டு.

ஒரே பருவம் மட்டும் ஆய்வு செய்திருந்தால் விவசாயிக்கு இரண்டே அளவு. அப்போது 'இன்டர்செப்ட் | விவசாயி'யோடு 'முறை | விவசாயி'யும் சேர்த்தால், ஆளுக்கு இரண்டு ரேண்டம், ஆளுக்கு இரண்டு அளவு. எச்சத்துக்கு (மாடல் விளக்காத மிச்சம்) ஒன்றுமே மிஞ்சாது. ரேண்டம் எஃபெக்ட்டுகளின் எண்ணிக்கைக்கு மேல் அளவுகள் இல்லை என்ற பொருளில் சிவப்பு எழுத்தில் பிழைச்செய்தி வரும். மென்பொருளின் கோளாறில்லை, எண்ணிக்கைக் கோளாறு. ஸ்லோப்பை எடுத்துவிட்டால் ஓடும்.

இன்னொன்று. காரில் புதிய முறை நட்ட அதே வயலில்தான் பிசானத்திலும் புதிய முறை என்றால், வயலும் ஓர் அடுக்கு. 120 வயலுக்கும் தனிக் குறியீடு கொடுத்து 'இன்டர்செப்ட் | வயல்' சேர்க்கவேண்டும். இதை விட்டுவிட்டால் நல்ல மண்ணுள்ள வயலின் புகழ் முறைக்குப் போய்ச் சேரும்.

ஸ்லோப் சேர்த்த பிறகு 'சிங்குலர்' என்ற எச்சரிக்கை வருவது சகஜம். ஏதோ ஒரு மாறுபாடு (வேரியன்ஸ், சிதறலின் அளவு) சுழியமாகிவிட்டது, அல்லது இன்டர்செப்ட்டுக்கும் ஸ்லோப்புக்கும் இடையே உள்ள ஒட்டுறவு 1 அல்லது −1 ஆகிவிட்டது என்று பொருள். தரவு தாங்கும் அளவுக்கு மேல் கேட்டிருக்கிறோம். ரேண்டம் அட்டவணையைப் பாருங்கள். ஒட்டுறவு மட்டும் எல்லையில் நின்றால் கீழே 'நாட் கோரிலேட்டட்' தேர்ந்தெடுங்கள். ஒரு ஸ்லோப்பின் மாறுபாடே சுழியம் என்றால் அதை எடுத்துவிடுங்கள். 'பருவம் | விவசாயி' முதலில் போகட்டும், 'முறை | கிராமம்' கடைசிவரை நிற்கட்டும். எச்சரிக்கை போகவேண்டும் என்பதற்காக ரேண்டம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றி வீசுவது தவறு. அப்புறம் மிக்ஸ்டு மாடல் போட்டதில் பொருளே இல்லை.

'கன்வெர்ஜ்' ஆகவில்லை, அதாவது கணக்கு ஒரு விடையில் வந்து நிற்கவில்லை என்ற செய்தி வேறு. பெரும்பாலும் கோவேரியட்டின் அளவு பெரிதாக இருப்பதால் வருவது: ஒன்று ஆயிரக்கணக்கில், இன்னொன்று தசமத்தில். 'ஸ்டாண்டர்டைஸ்டு' என்று மாற்றினால் பெரும்பாலும் சரியாகும்.

விடையைப் படிக்கும் வரிசை

நட்சத்திரக்குறியைத் தேடி நேரே பி மதிப்புக்கு (வேறுபாடே இல்லாதபோதும் இப்படி ஒரு விடை வரும் வாய்ப்பு) ஓடாதீர்கள். முதலில் ரேண்டம் அட்டவணையின் அடியில் இருக்கும் குறிப்பு. அளவுகள் 240, கிராமம் 12, விவசாயி 60 என்று இருக்கிறதா? விவசாயி 5 என்றிருந்தால் குறியீட்டுத் தவறு. அங்கேயே நிறுத்தித் தாளுக்குத் திரும்புங்கள்.

அடுத்து மாறுபாடுகள். இன்டர்செப்ட் மட்டும் உள்ள முதல் மாடலில், கிராமம் 40,000, விவசாயி 22,500, எச்சம் 90,000 என்று வந்ததாக வைப்போம். மொத்தம் 1,52,500. கிராமத்தின் பங்கு 40,000 ÷ 1,52,500 = 0.26, விவசாயியின் பங்கு 0.15. வர்க்கமூலம் எடுத்தால் இன்னும் புரியும்: கிராமத்துக்குக் கிராமம் ஏக்கருக்கு 200 கிலோ, ஒரே ஊரில் ஆளுக்கு ஆள் 150 கிலோ, மிச்சம் 300 கிலோ. இந்தப் பங்குக் கணக்கை ஸ்லோப் சேர்க்காத மாடலில் மட்டும் போடுங்கள். ஸ்லோப் வந்துவிட்டால் ஒரே எண்ணில் அடங்காது.

0.26 சின்ன எண்ணாகத் தெரியலாம். ஒரு கிராமத்தில் 20 அளவு. அவை பங்காளிகள் என்பதால் தகவல் எத்தனை மடங்கு சுருங்குகிறது என்று பார்ப்போம்: 1 + 19 × 0.26 = 5.94. 240ஐ இதால் வகுத்தால் ஏறத்தாழ 40. அதாவது தலைமடையா கடைமடையா என்ற கேள்விக்கு உங்கள் 240 அளவும் தனித்தனியான 40 அளவுக்குத்தான் சமம். சாதாரண அனோவா 240 என்றே நம்பித் திட்டப்பிழையைச் சுருக்கிவிடும். இல்லாத வேறுபாடு இருப்பதாகத் தெரியும். முறையைப் பொறுத்தவரை கதை தலைகீழ்: ஒரே விவசாயியிடம் இரண்டு முறையும் ஒப்பிடப்படுவதால், ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டைக் கழிக்காத சாதாரண அனோவா இருக்கும் ஆதாயத்தைக்கூட மறைக்கலாம். ஒரே தவறு இரண்டு பக்கமும் அடிக்கும்.

மூன்றாவதாக ஃபிக்ஸட் அட்டவணையில் டிஎஃப் என்ற நெடுவரிசை (எத்தனை தனித்த தகவலை நம்பிக் கணக்கிட்டது என்ற எண்). கேம்எல்ஜே சாட்டர்த்வெயிட் முறையில் கணக்கிடுவதால் 10.3 என்பதுபோல் தசமத்தில் வரும், பயப்பட வேண்டாம். இந்த நெடுவரிசைதான் மாடல் சரியாகப் புரிந்துகொண்டதா என்று காட்டிக்கொடுக்கும். மடைக்கு 10 பக்கம் வரவேண்டும்: 12 கிராமம், 2 வகை. 200ஐத் தாண்டி வந்தால் கிராமத்தை மாடல் கண்டுகொள்ளவில்லை. கிளஸ்டர் விடுபட்டிருக்கும் அல்லது அதன் மாறுபாடு சுழியமாகியிருக்கும். முறைக்கு, இன்டர்செப்ட் மட்டும் என்றால் 170ஐத் தாண்டும். 'முறை | கிராமம்' சேர்த்ததும் 10 பக்கம் இறங்கும். பி மதிப்பும் அதற்கேற்ப ஏறும். பலருக்கு இங்கே மனசு வராது, ஸ்லோப்பை எடுத்துவிடலாமா என்று கை அரிக்கும். வேறு ஊர்களுக்கும் பொருந்தும் முடிவு என்று எழுதப்போகிறீர்கள் என்றால் ஊருக்கு ஊர் உள்ள வேறுபாட்டைக் கணக்கில் வைத்த எண்தான் நேர்மையானது.

அதன் பிறகே கெழுக்கள். முறைக்கு 310 என்றால் புதிய முறை ஏக்கருக்கு 310 கிலோ கூடுதல், மற்ற ஃபேக்டர்களின் சராசரியில். இந்தக் கடைசிச் சொல் முக்கியம். வகைகளை எண்ணாக மாற்றும் விதத்துக்குக் குறியாக்கம் என்று பெயர்; கேம்எல்ஜே வழக்கமாக எடுக்கும் 'சிம்பிள்' குறியாக்கத்தில் இன்டர்செப்ட் மொத்தச் சராசரி. ஆரில் நேரடியாகப் போடும் நண்பருக்கு 'டம்மி' குறியாக்கம், அதில் ஒரு வகையே அடிப்படை. அவருடைய இன்டர்செப்ட்டும் முறையின் கெழுவும் உங்களுடையதோடு ஒத்துப்போகாது. இரண்டு பேரும் சரிதான். ஒத்துப்பார்க்கவேண்டும் என்றால் 'ஃபேக்டர்ஸ் கோடிங்' பலகையில் 'டம்மி' என்று மாற்றிப் பாருங்கள்.

முறை × பருவம் ஊடாட்டம் தெரிந்தால் 'சிம்பிள் எஃபெக்ட்ஸ்' பலகையில் முறையை முதல் பெட்டியிலும் பருவத்தை 'மாடரேட்டர்' பெட்டியிலும் போடுங்கள். காரில் எவ்வளவு, பிசானத்தில் எவ்வளவு என்று தனித்தனியாக வரும். வகைகளை இரண்டிரண்டாக ஒப்பிடும் 'போஸ்ட் ஹாக்' மூன்று வகையோ அதற்கு மேலோ இருந்தால்தான் தேவை. இரண்டே வகைக்கு அதைப் போட்டு அட்டவணையைப் பெருக்க வேண்டாம்.

ஆர் ஸ்கொயர் (மொத்த ஏற்றத்தாழ்வில் மாடல் விளக்கும் பங்கு) இரண்டு வரும். 'மார்ஜினல்' ஃபிக்ஸட் மட்டும் விளக்குவது; 'கண்டிஷனல்' ரேண்டத்தையும் சேர்த்தது. இரண்டையும் எழுதுங்கள்.

சரிபார்ப்பு

'அசம்ப்ஷன் செக்ஸ்' பலகையில் கியூ-கியூ வரைபடமும் (எச்சங்கள் இயல்நிலைப் பரவலில் இருந்தால் புள்ளிகள் நேர்கோட்டில் விழும்), எச்சத்துக்கும் கணித்த மதிப்புக்குமான வரைபடமும் போதும். இரண்டாவது விசிறிபோல விரிந்தால், மகசூல் கூடக்கூடச் சிதறலும் கூடுகிறது. மகசூலின் மடக்கையை எடுத்துப் போட்டுப் பாருங்கள். சுழிய மகசூல் இருந்தால் மடக்கை எடுக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். கடைமடையில் சுழியம் பலமுறை வந்திருந்தால், விளைந்ததா இல்லையா என்பதைத் தனிக் கேள்வியாகப் பிரிப்பதே மேல்.

அப்படி ஆம், இல்லை என்று வரும் தரவுக்கும், இலைச்சுருட்டுப் புழு எத்தனை என்று எண்ணிய தரவுக்கும் இந்த லீனியர் மாடல் பொருந்தாது. அதே பட்டியலில் உள்ள 'ஜெனரலைஸ்டு மிக்ஸ்டு மாடல்' திறந்து, முதலாவதற்கு 'லாஜிஸ்டிக்', இரண்டாவதற்கு 'பாய்சான்' அல்லது 'நெகட்டிவ் பைனோமியல்'. பெட்டிகள் அதே நான்குதான்.

இரண்டு மாடலை ஒப்பிடும்போது ஃபிக்ஸட் பகுதி வேறாக இருந்தால் 'ஆர்இஎம்எல்' (மாறுபாடுகளை மதிப்பிடும் வழக்கமான முறை) டிக்கை எடுத்துவிட்டு இரண்டையும் ஓட்டி ஏஐசி (குறைவாக இருந்தால் நல்ல மாடல் என்று காட்டும் எண்) பாருங்கள். டிக் இருக்கும்போது வரும் ஏஐசிகளை ஒப்பிடுவதில் பொருளில்லை. ஒப்பிட்டு முடிந்ததும், கடைசி மாடலை டிக்கோடு மறுபடி ஓட்டி அந்த எண்களையே எழுதவேண்டும்.

அடுக்காமல் குறுக்கே ஓடும் தரவு

எல்லாத் தரவும் கிராமம், விவசாயி என்று ஒன்றுக்குள் ஒன்றாக இருக்காது. 30 பேர் 8 கடை அல்வாவைச் சுவைத்து மதிப்பெண் போடுகிறார்கள் என்றால், ஒவ்வொருவரும் எல்லாக் கடையையும் சுவைக்கிறார்கள். சுவைப்பவர், கடை இரண்டும் கிளஸ்டர். எதுவும் எதற்குள்ளும் இல்லை. பெட்டியில் போடும் விதம் மாறாது: 'இன்டர்செப்ட் | சுவைப்பவர்', 'இன்டர்செப்ட் | கடை'. இங்கே சுவைப்பவருக்குக் கடைதோறும் புது எண் கொடுத்துவிடாதீர்கள். அதே ஆளுக்கு எட்டு வரிசையிலும் அதே குறியீடு இருந்தால்தான் குறுக்குவாட்டம் மாடலுக்குத் தெரியும். விவசாயிக்குச் சொன்னதும் இதுவும் முரண் அல்ல: ஓர் ஆளுக்கு ஒரு குறியீடு, வேறு ஆளுக்கு வேறு குறியீடு.

எஸ்பிஎஸ்எஸ்தான் இருக்கிறது என்றால்

எஸ்பிஎஸ்எஸ் கட்டணப் புள்ளியியல் மென்பொருள். துறையில் உரிமம் வாங்கி வைத்திருக்கிறார்கள், வழிகாட்டியும் அதைத்தான் கேட்கிறார் என்றால் அதிலும் முடியும்: 'அனலைஸ்' → 'மிக்ஸ்டு மாடல்ஸ்' → 'லீனியர்'. முதல் சாளரத்தில் 'சப்ஜெக்ட்ஸ்' பெட்டியில் கிராமமும் விவசாயியும். 'ரிப்பீட்டட்' பெட்டியை முதலில் காலியாகவே விடுங்கள். 'ரேண்டம்' பொத்தானுக்குள் 'இன்க்ளூட் இன்டர்செப்ட்' டிக் தானாக இருக்காது. அதைப் போட மறந்தால் கிராமத்து மாறுபாடே மாடலில் வராது. விடை மட்டும் வழக்கம்போல் அழகாக வந்துநிற்கும். ஜாஸ்ப் என்ற இலவச மென்பொருளிலும் மிக்ஸ்டு மாடல் உண்டு. அது ஸ்லோப்களை எல்லாம் தானே சேர்த்துவிடுவதால் 'சிங்குலர்' எச்சரிக்கை முதல் ஓட்டத்திலேயே வர வாய்ப்பு அதிகம். வேண்டாததை நாம்தான் டிக் எடுக்கவேண்டும்.

எழுதி வைக்கவேண்டியவை

ஆய்வேட்டில் "மிக்ஸ்டு மாடல் பயன்படுத்தப்பட்டது" என்ற ஒற்றை வரி போதாது. ஃபிக்ஸட்டில் எவை, ரேண்டத்தில் எவை, எதை ஏன் எடுத்தீர்கள், ஆர்இஎம்எல்லா இல்லையா, டிஎஃப் எந்த முறையில், கிராமம் விவசாயி எண்ணிக்கை, மாறுபாடுகள், கெழுவும் அதன் 95% நம்பக இடைவெளியும், ஜமோவி மற்றும் கேம்எல்ஜேயின் பதிப்பு எண். வலது மேல்மூலையில் மூன்று புள்ளி இருக்கும். அதில் 'சின்டாக்ஸ் மோட்' டிக் செய்தால் நீங்கள் சொடுக்கிய அத்தனையும் ஆர் நிரலாக விடைக்கு மேலே வரும். அதை நகலெடுத்துப் பின்னிணைப்பில் ஒட்டிவிடுங்கள். வாய்மொழித் தேர்வில் ரேண்டம் பகுதியைப் பற்றிக் கேட்டால் பதில் அந்த ஒரு பத்தியில் இருக்கும். கோப்பை ஓஎம்வி வடிவில் சேமித்தால் தரவு, தேர்வுகள், விடை மூன்றும் ஒரே கோப்பில் இருக்கும். தரவை மட்டும் தனியாக சிஎஸ்வியாகவும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பதிப்பு மாறிய பிறகு பழைய ஓஎம்வி திறந்தாலும், மாடலை மறுபடி ஓட்டும்போது தேர்வுகளின் பெயர் மாறியிருக்கக்கூடும்.